உபெர்லிந்தா உயிரோடு இருக்கிற படம்

மத்தியானம் பன்னிரண்டு அடித்தால் கெத்ரூ தீவில் யாரும் சத்தம் போட்டுச் சாப்பிட மாட்டார்கள். அது ரேடியோவில் சேதி வாசிக்கிற நேரம். கஸ்த்ரோ நகரத்திலிருந்து ஓர் ஆள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தீவு தீவாகப் பெயர் சொல்லி வாசிப்பார். இன்னாருடைய கிடாரி காணாமல் போய்விட்டது, இன்னாருக்கு வந்த கிழங்கு மூட்டை துறையில் நனைந்துகொண்டிருக்கிறது, இன்னாருடைய சித்தப்பாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை, உடனே புறப்பட்டு வரவும். 'கொஞ்சம் சுகமில்லை' என்றால் ஆள் முடிந்துபோனார் என்று பொருள். ரேடியோவில் யாரையும் சாகடிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து மரியாதை.

அந்தப் புதன்கிழமை நான் ஒனோஃப்ரே கார்க்கமோ வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். நான் படகுக்காரன். செவ்வாயும் சனியும் தீவுக்கும் கஸ்த்ரோவுக்கும் ஆள், ஆடு, கிழங்கு, கடிதம் எல்லாம் ஏற்றி இறக்குகிறவன். மற்ற நாளில் எந்த வீட்டில் நல்ல வாசனை வருகிறதோ அந்த வீட்டில் என்னைப் பார்க்கலாம். ஒனோஃப்ரேயின் சின்ன மகள் உபெர்லிந்தாவுக்கு நான்தான் ஞானத்தகப்பன், அதனால் அங்கே கேட்காமலே உட்காருவேன். அன்று ஒனோஃப்ரேயின் அக்கா தோமித்திலா மில்காவோ சுட்டுக்கொண்டிருந்தாள். பச்சைக் கிழங்கைத் துருவித் துணியில் கட்டி முறுக்கிப் பிழிய வேண்டும். அதை வேகவைத்த கிழங்கோடு பிசைந்து, பன்றிக்கொழுப்புப் பொரியலை உள்ளே வைத்துத் தட்டி அடுப்பில் போடுவாள். பிழிந்து பிழிந்து அவள் மணிக்கட்டு ஆண்பிள்ளை மணிக்கட்டு மாதிரி ஆகியிருந்தது. வெளியே மழை பக்கவாட்டில் அடித்தது. செப்டம்பர் மாதத்தில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ரேடியோக்காரர் எங்கள் தீவின் பேரைச் சொன்னார். தோமித்திலா கையை நிறுத்தினாள்.

"கெத்ரூ தீவு, ஒனோஃப்ரே கார்க்கமோவுக்கு. படம் கிடைத்தது. எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வருகிற சனி விட்டு அடுத்த சனி பஸ்ஸில் கஸ்த்ரோ வந்து சேருவேன். படகு காத்திருக்கட்டும். கல்லறைத் தோட்டத்தில் இடத்தை மட்டும் காட்டினால் போதும். எடெல்மிரா."

அடுத்த மூச்சில் அவர் வேறு தீவுக்குப் போய், யாரோ தொலைத்த துடுப்பைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தார்.

ஒனோஃப்ரே கரண்டியைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தான். எந்த இடத்தைக் காட்டுவது? யாருக்கு என்ன ஆயிற்று? அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டுமே எங்கள் கண்முன்னால்தான் இருந்தன. ஒன்பது வயது அர்த்தேமியோ விறகின்மேல் உட்கார்ந்து நூல் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். நாலு வயது உபெர்லிந்தா மேசைக்கடியில் இருந்தபடி நாயோடு கொழுப்புப் பொரியலைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தாள், நாய்க்குக் கொஞ்சமாக.

எடெல்மிரா ஒனோஃப்ரேயின் மனைவி. காசநோய் கண்டு மார்ச் மாதம் வால்திவியா ஆஸ்பத்திரிக்குப் போனாள். படகு, பஸ், கப்பல், ரயில் என்று இரண்டு நாள் பயணம். டிசம்பர்வரை ஊசி போட வேண்டும், நடுவில் விட்டால் நோய் இரண்டு மடங்காகத் திரும்பும், பிறகு அந்த மருந்துக்கு அது மசியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிள்ளைகளை அந்த வாசலுக்குள் விடுவதில்லை. ஜூலையில் தீவுகளில் கக்குவான் இருமல் பரவியது. உபெர்லிந்தாவும் மூச்சு முட்டி, உதடு நீலம்பாரித்து, பிழைத்தாள். கோடை வரும்வரை இவளைப் படகில் ஏற்றக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். இந்த இருமல் சேதியை ஒனோஃப்ரே எடெல்மிராவுக்கு எழுதியிருந்தான். பிழைத்ததையும் எழுதினான். கூடவே ஒரு படமும் அனுப்பினான். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் இப்போது கிளம்பி வருகிறேன் என்கிறாள்.

"அப்படி என்னத்தடா படம் எடுத்த?" என்று கேட்டேன்.

"பெரியவன ஒண்ணு, சின்னவள ஒண்ணு. அவ்வளவுதான் அண்ணே."

"சின்னவ என்ன உடுத்தியிருந்தா?"

"வெள்ளை கவுனு. பிழைச்சா நாசரேயன் திருநாளுக்கு வெள்ளை உடுத்தி நிறுத்துறேன்னு அக்கா வேண்டியிருந்துச்சுல்ல, அது."

"கையில?"

"காகிதப் பூ. அதுவும் அக்கா செஞ்சதுதான்."

"நின்னாளா, உக்காந்தாளா?"

"நாற்காலியில. சாஞ்சாப்புல. அசையாதேன்னேன், கொஞ்சங்கூட அசையல."

"கண்ணு?"

"வெயிலு நேரா மூஞ்சியில அடிச்சுதா, அதனால…" என்றவன் அங்கேயே நின்றுவிட்டான்.

தோமித்திலா மாவுக் கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் தீவுகளில் பாதி ஆண்கள் வருஷத்தில் பாதி நாள் தெற்கே ஆட்டுப்பண்ணைகளில் மயிர் கத்தரிக்கப் போய்விடுவார்கள். அப்பன் அங்கே இருக்கும்போது இங்கே சின்னப் பிள்ளை செத்துப்போனால், வெள்ளை உடுத்தி, கையில் காகிதப் பூ கொடுத்து, நாற்காலியில் சாய்த்து வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புவோம். அப்பன் பிள்ளையின் முகத்தை ஒருதரமாவது பார்க்க வேண்டும் அல்லவா. அந்த மாதிரிப் படம் எங்கள் ஊரில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் சுவரில் தொங்குகிறது. இவன் பிழைத்த பிள்ளையை அப்படியே உட்காரவைத்து எடுத்திருக்கிறான். யார் கண்ணிலும் படாமல் அது போய்ச் சேர்ந்ததற்கு நானும் ஒரு காரணம். கஸ்த்ரோவில் படக்கடைக்காரன் ஒட்டிக் கொடுத்த உறையை வாங்கி, பிரித்துப் பார்க்காமல், அப்படியே தபாலில் போட்டது நான்தான். பெரிய நாணயஸ்தன் என்று என்னைப் பற்றி எனக்கு நினைப்பு.

ஒனோஃப்ரே முட்டாள் இல்லை. அவன் படம் பழகிய இடம் அப்படி. தெற்கே ஒரு பண்ணையில் அவன் எட்டு வருஷம் ஆடு கத்தரித்தான். அங்கே விலையுயர்ந்த கிடாக்களைப் படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்புவார்கள். கிடாவை முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, தாடையைத் தூக்கி, நாலு காலையும் சதுரமாக நிறுத்திப் பிடிக்கிற வேலை ஒனோஃப்ரேயுடையது. மானேஜர் ஊருக்குப் போகும்போது அந்தப் பழைய பெட்டிக் கேமராவை இவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஆக, படம் என்றால் அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எதிரே இருப்பதை அடக்கி நிறுத்துவது. மகளையும் அப்படித்தான் நிறுத்தினான், பாவம்.

நேரில் போய்ச் சொல்லேன் என்றேன்.

"சாவு சொல்லத்தான் புருஷன் அவ்வளவு தூரம் நேர்ல போவான். என்னை வாசல்ல பாத்ததுமே அவ விழுந்துருவா."

"அப்ப இன்னொரு படம் எடு. கண்ணைத் தொறந்து வச்சு எடு."

"கஸ்த்ரோ கடைக்காரன் செத்த பிள்ளைக்கெல்லாம் பேனாவால கண்ணு வரைஞ்சு குடுக்குறான் அண்ணே. அது அவளுக்கும் தெரியும்." கரண்டியைக் கீழே வைத்தான். "செத்த பிள்ளையால செய்ய முடியாத எதையாவது இவ படத்துல செஞ்சாகணும்."

உபெர்லிந்தா மேசைக்கடியிலிருந்து இன்னொரு பொரியல் வேண்டும் என்று கையை நீட்டினாள். அதை அப்போதே எடுத்திருக்கலாம். ஆனால் அடுப்படியில் வெளிச்சம் இல்லை, கேமராவில் பிலிமும் இல்லை.

அடுத்த மூன்று நாள் அவன் செய்ததைப் பார்த்து ஊரே சிரித்தது. பிலிம் இல்லாத வெறும் பெட்டியைத் தோல்வாரில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். அதோடு கடற்பாசியை வாரி வண்டியில் ஏற்றினான், கிழங்கு நிலத்துக்கு எருவாகக் கொட்டினான், விறகு பிளந்தான், பன்றிக்குத் தண்ணீர் வைத்தான். போகிற வருகிற இடத்திலெல்லாம் 'டக்' என்று அதன் கம்பியைத் தட்டினான். அர்த்தேமியோவுக்கு முதல் நாள் பெரிய தொல்லை. பெட்டி அவன் பக்கம் திரும்பியதும் பள்ளிக்கூடத்தில் கொடிக்கு முன்னால் நிற்பதுபோல விறைத்துக்கொள்வான். உபெர்லிந்தா இன்னும் மோசம். பெட்டியைப் பார்த்ததும் எங்கே நின்றாளோ அங்கேயே உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அப்பா கற்றுக்கொடுத்தது அதைத்தானே. ஒரு படி மேலே போய், "அசையல அப்பா, அசையல" என்றும் சொன்னாள். ஒனோஃப்ரே வைக்கோல் போர் பக்கம் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தான்.

அவன் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணைத் திற, சிரி, இந்தப் பக்கம் பார் என்று வாய் திறக்கவே இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். நானாக இருந்தால் ஒரு மிட்டாயைக் காட்டி ஏமாற்றியிருப்பேன். இவன் பெட்டியைத் தட்டிக்கொண்டு தன் வேலையைப் பார்த்தான். ஒரு நாளைக்கு நூறு தடவை தட்டினால் எந்தப் பிள்ளைதான் கண்டுகொள்ளும்? வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் அந்தப் பெட்டி அவன் இடுப்புக் கத்திமாதிரி ஆகிவிட்டது. பிள்ளைகள் அதன் வாய்க்கு முன்னாலேயே சண்டை போட்டன.

வேலியில் சாய்ந்து நின்று அவனைக் கேலி செய்துகொண்டிருந்தவன் நான்தான். என்னிடம் அவன் ஒரு விஷயம் சொன்னான். அந்தப் பெட்டி மெதுவான பெட்டி, அசைந்தால் படம் கலங்கிவிடும். ஓடுகிற பிள்ளையை அது பிடிக்காது.

"அப்ப திரும்பவும் அசையாதேன்னுதானே சொல்லணும்?"

"வேண்டாம் அண்ணே. ஆடு உதைக்கும் பாருங்க, உதைக்கிறதுக்கு முன்னாடி ஒரு நொடி மூச்சை அடக்கும். கத்திரி பிடிச்சவனுக்கு அது கையில தெரியும். பிள்ளைங்களும் அப்படித்தான். எதையும் செய்யிறதுக்கு முன்னாடி ஒரு நொடி நிக்கிதுங்க. அந்த நொடி எனக்குப் போதும்."

அப்புறம் நான் கேலி செய்வதைக் குறைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை கஸ்த்ரோவில் கடை கடையாக ஏறி இறங்கி ஒரே ஒரு பிலிம் சுருள் வாங்கினேன். எட்டுப் படம். அடுத்தது எப்போது வரும் என்று கடைக்காரனுக்கே தெரியவில்லை. 'உபெர்லிந்தா சுகம். வராதே' என்று எடெல்மிராவுக்கு ஒரு தந்தியும் அடித்தேன். செவ்வாய்க்கிழமை பிலிமைக் கழுவக் கொடுத்தால்தான் அவள் வருகிற சனிக்கிழமை படம் கைக்குக் கிடைக்கும். ஆக ஒனோஃப்ரேக்கு ஞாயிறும் திங்களும்தான். திங்கட்கிழமை மழை என்று என் முழங்கால் சொல்லிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெரிய வற்றம். கடல் தன் சாமான்களையெல்லாம் வெளியே போட்டுவிட்டு வெகுதூரம் போய்விட்டது. தீவே கூடையும் சிப்பி கிளறும் குட்டைக் கம்பியுமாகச் சேற்றில் இறங்கியது. வெள்ளையாக ஒரு வெளிச்சம், மேகத்துக்குப் பின்னால் சூரியன், யார் முகத்திலும் நிழல் இல்லை. நல்ல வெளிச்சம் அண்ணே, என்று ஒனோஃப்ரே முணுமுணுத்தான்.

முதல் படமே வீணானது. அவன் பெட்டியைத் தட்டுகிற நேரம் பார்த்துத் தோமித்திலா குறுக்கே குனிந்து பிள்ளையின் மூக்கைத் துடைத்தாள். பிறகு சீப்பை எடுத்தாள். ஒனோஃப்ரே வேண்டாம் என்றான். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மூக்கு ஒழுக, தல சிக்குப் பிடிச்சுக் கிடக்க, இப்படியா எடுப்ப? தாய் இல்லாத பிள்ளைன்னு பாத்தாலே தெரியும். நான் வளக்குற லட்சணம் இதுன்னு அவ நினைக்க மாட்டாளா?"

"தெரியட்டும்க்கா. தாய் அங்கதான இருக்கா. நீ நல்லாத்தான் வளக்குற. போன படத்துல நான்தான் பிள்ளைய உன் பூவுக்குள்ள ஒளிச்சு வச்சுட்டேன்."

தோமித்திலா சீப்பைத் தன் கொண்டையிலேயே செருகிக்கொண்டு தள்ளிப் போய் முதுகைக் காட்டிச் சிப்பி கிளற ஆரம்பித்தாள். அழுகிறாளா என்று பார்க்க நான் போகவில்லை.

அதன்பிறகு அவன் எப்போது தட்டினான் என்று பக்கத்தில் நின்ற எனக்கே தெரியவில்லை. குனிந்து கிளறுவான், கூடையில் போடுவான், இடுப்பு வலிக்கிறவன்போல நிமிர்வான். பெட்டி இடுப்பு உயரத்தில் தொங்கும். பிள்ளைகளின் முகமும் அந்த உயரம்தான். பெட்டியின்மேல் இருக்கிற சின்னக் கண்ணாடியைக் குனிந்து பார்ப்பதால் அவன் பிள்ளைகளைப் பார்ப்பதாகவே தோன்றாது, தன் வயிற்றைப் பார்த்து வருத்தப்படுகிறவன் மாதிரி இருக்கும். ஒரு தடவை சேற்றில் கால் வழுக்கி மல்லாக்க விழுந்தான். பெட்டியை மட்டும் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். பிள்ளைகள் இரண்டும் ஓடிவந்து மேலே நின்று குனிந்து பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. விழுந்த இடத்திலிருந்தே தட்டினான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் விழுந்தான். என்னடா இன்றைக்கு உனக்குக் காலே நிற்கவில்லை என்றதற்கு, ரெண்டாவது வேணும்னு விழுந்தது என்று காதோடு சொன்னான்.

அப்புறம்தான் அந்தச் சண்டை. உபெர்லிந்தா தன் கூடையில் உள்ளங்கையைவிடப் பெரிய சிப்பி ஒன்று வைத்திருந்தாள். காலையிலிருந்து ஊரில் எல்லாருக்கும் அதைக் காட்டியாயிற்று. அர்த்தேமியோ அதை எடுத்துத் தன் கூடையில் போட்டுக்கொண்டான். அவள் அழவில்லை. கரையில் ஒதுங்கிக் கிடந்த கடற்பாசித் தண்டு ஒன்றைப் பார்த்து எடுத்தாள். தன்னைவிட நீளம், மணிக்கட்டுத் தடிமன். அதை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கினாள். "ஒனோஃப்ரே, பாரு அவள" என்று அங்கிருந்து தோமித்திலா சத்தம் போட்டாள். நான் இங்கிருந்து சத்தம் போட்டேன். தடுக்க வேண்டிய தகப்பன் மட்டும் அசையவில்லை. கவுன் நனைந்து, தலைமயிர் எல்லாத் திசையிலும் நிற்க, நாக்கைக் கடித்துக்கொண்டு, தண்டு உச்சியில் நின்ற அந்த ஒரு நொடிக்கு அவன் காத்திருந்தான். அவனும் மூச்சுவிடவில்லை. டக். அதற்குப் பிறகுதான் அது அர்த்தேமியோ முதுகில் இறங்கியது.

துரத்தி ஓடியதில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. கக்குவான் விட்டுப்போன மிச்சம். வளைந்து, முகம் சிவந்து, மூச்சை இழுத்து இழுத்து இருமினாள். அடிவாங்கிய அர்த்தேமியோ திரும்பி வந்தான். அவள் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் கடலைப் பார்த்துக்கொண்டே, ஏதோ தினமும் செய்கிற வேலைபோல, அவள் முதுகைத் தட்டினான். ஒனோஃப்ரே அதையும் எடுத்தான். எனக்கு ஆத்திரம் வந்தது.

"இதை ஏன்டா எடுத்த? பாத்தா அவ துடிச்சுப் போவாளே."

"மறைச்சா கண்டுபிடிச்சுருவா அண்ணே. இருமல் இருக்குன்னு தெரிஞ்சாத்தான் மத்ததையும் நம்புவா."

எட்டும் முடிந்தது. அவன் பெட்டியைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, கிளறுகிற கம்பியைப் பிடித்தான். மறுபடி சிப்பி கிளறப் போனான்.

செவ்வாய்க்கிழமை கஸ்த்ரோ தந்தி ஆபீசில் எடெல்மிராவின் பதில் காத்திருந்தது. 'எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். வருகிறேன்.'

சனிக்கிழமை படக்கடை திறப்பதற்கு முன்னாலேயே வாசலில் நின்றேன். இந்தத் தடவை உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன். எட்டில் இரண்டு கலங்கியிருந்தன, ஒன்று தோமித்திலாவின் பின்புறம். மிச்சம் ஐந்து. ரொம்ப நேரம் அந்த ஐந்தையும் பார்த்தேன். எத்தனையோ படம் பார்த்திருக்கிறேன். கலியாணப் படம், பட்டாளத்துக்குப் போனவன் படம், செத்தவர் படம். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளை யாருக்காகவும் அங்கே இல்லை. அவள் பாட்டுக்குத் தன் ஜோலியில் இருந்தாள். ஒனோஃப்ரேயைப் பற்றி நான் நினைத்திருந்ததில் பாதி தப்பு என்று தோன்றியது.

பத்தரைக்குப் பஸ் வந்தது. எடெல்மிரா கடைசியாக இறங்கினாள். ஒரு மூட்டை, தோளில் புதிதாக வாங்கிய கறுப்புச் சால்வை. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் கன்னம் கொஞ்சம் தேறியிருந்தது. கண் மட்டும் தூங்கி வெகுநாள் ஆனதுபோல இருந்தது. நான் கிட்டே போனதும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கிட்ட வராதீங்க அண்ணே. எனக்கு இன்னும் ஊசி முடியல. சொல்லுங்க. எந்த நாளுல போனா?"

என்ன சொன்னாலும் அவள் காதில் அது 'கொஞ்சம் சுகமில்லை' என்றுதான் விழும். துறையில் கிடந்த மீன்பெட்டியின்மேல் உறையை வைத்துவிட்டுப் பத்தடி தள்ளிப் போய் நின்றேன்.

முதல் படத்தைப் பார்த்து, "இது தோமித்திலா மதினி" என்றாள். மதினியை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அவளுக்குத் தெரிந்தது. அடுத்தது, அடுத்தது. பிறகு நின்றுவிட்டாள். படத்தைக் கிட்டே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கண்ணைப் பேனாவால் வரைந்திருக்கிறதா என்று விரல்நுனியால் தடவியும் பார்த்தாள்.

"இவ இவன அடிக்கவா போறா?"

"அடிச்சா. ரெண்டு நாளா அவனால மல்லாக்கப் படுக்க முடியல."

"எதுக்கு?"

"அவளோட சிப்பிய எடுத்துட்டான்."

எடெல்மிராவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டாள். "நாக்கைக் கடிச்சுக்கிட்டிருக்கா பாருங்க. எங்க அப்பா விறகு வெட்டும்போது இப்படித்தான் கடிப்பாரு" என்றாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள். தலை ஏன் இப்படிக் கிடக்கிறது, அந்தக் கவுனின் ஓரம் எங்கே கிழிந்தது, அர்த்தேமியோவுக்கு எப்போது பல் விழுந்தது, யார் விழுந்ததற்கு இரண்டும் இப்படிச் சிரிக்கின்றன. நான் பத்தடி தூரத்திலிருந்து கத்திக் கத்திப் பதில் சொன்னேன். சுமைகூலிக்காரர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் அந்த இருமல் படம். அதில் அவள் கை வெகுநேரம் நின்றது.

"இன்னும் இருமுறாளா?"

இல்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. ஒனோஃப்ரே அதை எடுத்ததற்கு அர்த்தம் வேண்டுமே. "ஓடினா வருது. விடிகாலையில கொஞ்சம் வருது. நெஞ்சு இன்னும் தேறல" என்றேன்.

அவள் தலையாட்டினாள். படகு தயாராக இருந்தது. காற்றும் எங்களுக்குச் சாதகம். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அவளை இங்கேயே விட்டுப் போக யாருக்கு மனம் வரும்? வா தங்கச்சி, ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டுச் செவ்வாய்க்கிழமை திரும்பிவிடலாம், தூர நின்று பார்த்தால் போதுமே என்றேன். நான் சொன்னது தப்பு என்று சொல்லும்போதே தெரியும்.

எடெல்மிரா படங்களை உறையில் போட்டு மார்போடு வைத்துக்கொண்டாள்.

"தூர நிக்கவா? இவளப் பாத்தா ஓடிப்போய்த் தூக்குவேன் அண்ணே. மூஞ்சியோட மூஞ்சி வைப்பேன். என்னால முடியாது." இருமல் வந்து, துணியை வாயில் அழுத்தி, முகத்தைக் கடல் பக்கம் திருப்பி முடித்துவிட்டுத் திரும்பினாள். "பிள்ளை செத்துப்போயிருந்தா இப்ப உங்ககூட வந்திருப்பேன். இருக்கா. அதான் திரும்பிப் போறேன். வடக்க போற பஸ்ஸு எத்தனை மணிக்கு?"

மூன்று மணிக்கு என்றேன். தோமித்திலா கொடுத்துவிட்ட மில்காவோ பொட்டலத்தை மீன்பெட்டியின்மேல் வைத்தேன். அவள் கறுப்புச் சால்வையைக் கழற்றி மடித்து, வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாமா என்று ஒருதரம் பார்த்து, பிறகு தன் மூட்டைக்குள்ளேயே திணித்தாள். என் நோய் பட்ட துணி அங்கே வேண்டாம் என்றாள். மூன்று மணிவரை அவள் மழைத் தாழ்வாரத்துக்கு அந்தக் கோடியிலும் நான் இந்தக் கோடியிலுமாக உட்கார்ந்திருந்தோம். பஸ் ஏறியதும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அந்த உறையை மறுபடியும் பிரித்தாள். பஸ் திரும்பியபோது நான் தொப்பியைக் கழற்றினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

கெத்ரூ கரையில் பாதி ஊர் நின்றது. ரேடியோவில் கேட்டவர்கள் ஆயிற்றே. ஒனோஃப்ரே மாட்டுவண்டியைத் தண்ணீர்வரை இறக்கி நிறுத்தியிருந்தான். வண்டியில் ஆட்டுத்தோல் விரித்திருந்தது. உபெர்லிந்தா அவன் தோளில் உட்கார்ந்து என் படகைப் பார்த்து ஏதோ கத்திக்கொண்டிருந்தாள். அவன் படகிலிருந்து இறங்கிய ஒவ்வொருவரையும் பார்த்தான். ஏழு பேர் இறங்கினார்கள். அதற்குப் பிறகும் படகைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"வரலியா அண்ணே?"

"கஸ்த்ரோ வரைக்கும் வந்தா. திரும்பிப் போயிட்டா."

மகளின் கணுக்கால் இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"நம்பலியா?"

"நம்பினதாலதான்டா போனா."

ஒனோஃப்ரே என்னையே பார்த்தான். எல்லாவற்றையும் அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன். அவள் கேட்டது, சிரித்தது, உட்கார்ந்தது, போனது எல்லாம். மேலே இருந்தவளுக்கு இந்தப் பேச்சு அலுத்துவிட்டது. கீழே இறக்கு, இறக்கு என்று அவன் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். இறக்கிவிட்டான். அவள் யாரையும் திரும்பிப் பார்க்காமல் சேற்றில் இறங்கி ஓடினாள். அவன் அங்கேயே நின்று வாய்விட்டு அழுதான். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் கேலி செய்யவில்லை.